லூக்காவில் கிடைத்த சாவி

சன்னலோரம் நீயே இரு தங்கச்சி, எனக்கு இந்த ஓரம்தான் வசதி. வலது காலை நடுவுல நீட்டிக்கிடணும். முட்டி மடங்காது. ரெண்டு வருஷமாச்சு. கண்டக்டர் முறைச்சா முறைச்சிட்டுப் போறாரு. நீ எங்க இறங்குத? உவரியா? செவ்வாக்கிழமையாச்சே, அந்தோனியார் கோயிலுக்குத்தான் இருக்கும். நானும் உவரிதான். ஆனா கோயிலுக்குன்னு சொல்ல முடியாது. கோயிலுக்குப் பக்கத்துல ஒருத்தியைப் பார்க்கணும், பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும். அதைச் சொன்னாத்தான் என் மக கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருவாளாம். இல்லன்னா இந்த வருஷமும் கிடையாதாம், வாற வருஷமும் கிடையாதாம். பெத்த தாய்க்குப் போடுற கண்டிஷனைப் பாத்தியா?

மக இத்தாலியில இருக்கா. டெல்பின்னு பேரு. பீசான்னு ஒரு ஊரு, சாய்ஞ்ச கோபுரம் இருக்குல்ல, அங்க. நர்சு. நர்சுன்னா ஆஸ்பத்திரியில இல்ல, ஒரு வீட்டுல. தொண்ணூத்தொரு வயசுல ஒரு வெள்ளைக்காரம்மா, அவளை இவதான் பாத்துக்கிடுதா. குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது, தரை துடைக்கிறது, துணி தேய்க்கிறது, அப்புறம் கக்கூசு... சரி, அதையெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு. நர்சுன்னா எல்லாந்தான் பாக்கணும். ஆனா அந்த வீட்டுல என்ன மரியாதை! சாவிக்கொத்து முழுக்க இவகிட்டதான். பீரோ சாவி, மருந்து அலமாரி சாவி, வாசக்கதவு சாவி, அத்தனையும். எங்க குடும்பம் அப்படி. தங்கத்தைக் கொட்டி வச்சாலும் ஏறிட்டுப் பார்க்க மாட்டோம். அது முகத்துலயே தெரியும்லா.

என்னை ஹில்டா டீச்சர்னு தூத்துக்குடியில யார்கிட்ட வேணும்னாலும் கேளு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடம். ஞாயித்துக்கிழமை மறைக்கல்வியும் நான்தான். என்கிட்ட பத்துக் கட்டளை படிச்ச பிள்ளை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாம சொல்லும். என் வகுப்புல ஒரு சட்டம் உண்டு. ஒருத்தன் மேல இன்னொருத்தன் பொய்க் குத்தம் சொன்னான்னு வையி, சொன்னவன் அவன் முன்னால முட்டி போட்டு மன்னிப்பு கேக்கணும். எல்லாப் பிள்ளைகளும் பார்க்கணும். அழுதாலும் விட மாட்டேன். இன்னைக்கு எத்தனையோ பேரு கப்பல்லயும் பேங்குலயும் பெரிய வேலையில இருக்கான், எல்லாம் அந்த முட்டி போட்ட புண்ணியம்.

இப்ப எனக்கே அந்தப் பாக்கியம் இல்லாம போச்சு, பாரு. பூசையில சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றத்துக்கு மணி அடிச்சதும் கோயிலே முட்டி போடும். நான் ஒருத்தி மட்டும் நட்டமா நிக்கேன். பின்னால இருக்கவளுகளுக்கு என் முதுகுதான் தெரியும். வெக்கமா இருக்கும்மா. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு எலும்புல ஒண்ணுமில்லங்கான். ஒண்ணுமில்லன்னா மடங்கணும்லா? மருந்து, தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாச்சு.

நான் பார்க்கப் போறவ பேரு சூசையம்மா. எங்க வீட்டுல இருபத்தியொரு வருஷம் வேலை பார்த்தா. நான் பள்ளிக்கூடம் போனா டெல்பினை அவதான் பாத்துக்கிடுவா. பாத்துக்கிடுவான்னா, சும்மா, தலை பின்னி விடுவா, சோறு ஊட்டுவா, காய்ச்சல்னா மடியில போட்டுக்கிடுவா, அவ்வளவுதான். வளர்த்தது நான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால பனிமய மாதா திருநாள். தேர் பார்த்துட்டு வந்து மறுநாள் பீரோவைத் திறக்கப் போறேன், சாவியைக் காணோம். வீட்டையே தலைகீழா புரட்டியாச்சு. வீட்டுல யாரு இருக்கா? நானும் சூசையம்மாவும். எங்க வீட்டு அவிய தவறி அப்பவே நாலு வருஷம். நான் எடுக்கல. அப்ப யாரு? கணக்கு சரிதான? கேட்டேன். "டீச்சரம்மா, நான் எடுப்பனா?"ன்னு நின்னா. எடுத்தவ எவளாவது எடுத்தேன்னு சொல்லுவாளா? வாசல்ல வச்சு அவ துணிப்பையை வாங்கிக் கொட்டினேன். ரெண்டு சேலை, ஒரு ஜெபமாலை, டெல்பின் சின்னதுல முதல் நற்கருணை வாங்கினப்ப எடுத்த புதுநன்மைப் போட்டோ, அரைப் பாக்கெட் பிஸ்கட். தெருவே நின்னு பார்த்துச்சு. அவ குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கிப் போட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம அவ ஊரு உவரிக்கு பஸ் ஏறிட்டா. பேசாம போனாளே, அதுலயே தெரியலையா?

பூட்டுக்காரனைக் கூப்பிட்டு பீரோவை உடைச்சோம். உள்ள நகை, பட்டு, பத்திரம், எல்லாம் வச்சது வச்ச இடத்துல இருந்துச்சு. ஒரு குண்டுமணி குறையல. அதைத்தான் சொல்லுதேன், எப்பேர்ப்பட்ட கள்ளி! சாவியை எடுத்தவ சாமானை எடுக்கவே இல்ல பாத்துக்கோ. நிதானமா வந்து எடுக்கலாம்னு இருந்திருக்கா.

எனக்கு மனசு ஆறல. நேரே உவரிக்கு வந்தேன். கோடி அற்புதர் முன்னால நின்னு சொன்னேன்: "அந்தோனியாரே, அந்தச் சாவி எவ கையில இருக்கோ அவளுக்கு முட்டி மடங்கக் கூடாது. கோயில்ல ஊரே முட்டி போடும்போது அவ மட்டும் மரமா நிக்கணும். பார்க்கவ எல்லாம் தெரிஞ்சுக்கிடணும். சாவி கிடைச்சா உமக்கு அசனம் வச்சு நூறு பேருக்குச் சோறு போடுதேன்." முட்டி போட்டுத்தான் சொன்னேன். அப்ப எனக்கு நல்லாத்தான் மடங்குச்சு.

என்ன தங்கச்சி, இருமுத? தண்ணி குடி.

மணப்பாடு வந்துட்டா? இன்னும் நேரம் கிடக்கு. இத்தாலிக் கதையைச் சொல்லுதேன். போன மே மாசம் டெல்பின் டிக்கெட் எடுத்து அனுப்பினா. அவளுக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. அன்னைக்கு, "அம்மா, பக்கத்துல லூக்கான்னு ஒரு ஊரு, ரயில்ல அரை மணி நேரம், பழைய கோயிலா இருக்கும், வாங்க"ன்னா. சுவிசேஷம் எழுதின லூக்கா இல்ல, ஊருக்கே அதுதான் பேரு. ஊரைச் சுத்திக் கோட்டை. கோட்டைச் சுவருன்னா நம்ம காம்பவுண்டுச் சுவரு மாதிரி இல்ல, மேல ரோடே போகுது. ரெண்டு பக்கமும் மரம், வெள்ளைக்காரன் குடும்பத்தோட சைக்கிள் ஓட்டுதான். கோட்டை மேல சைக்கிள் ஓட்டினா எதிரி வந்தா என்ன செய்வான்னு கேட்டேன். "இப்ப எதிரி எல்லாம் உள்ளுக்குள்ளதாம்மா இருக்காங்க"ன்னா. சம்பந்தம் இல்லாம பேசுதது அவளுக்குப் பழக்கம்.

முதல்ல மிக்கேல் சம்மனசு கோயில். முன்வாசல் இருக்கு பாரு, அடுக்கடுக்கா தூண், தூணுக்குத் தூணு வேற வேலைப்பாடு, உச்சியில றெக்கை விரிச்ச சம்மனசு. வாயைப் பிளந்துட்டேன். அப்புறம் பக்கவாட்டுல வந்து பார்த்தா, மேல் ரெண்டு அடுக்குக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல! வெறும் ஆகாசம். கோயில் அவ்வளவு உயரமே கிடையாது, முன்னால சுவரை மட்டும் தூக்கிக் கட்டியிருக்கான். "எதுக்குடி இந்த வேஷம், உள்ள இருக்கதைத்தான வெளிய காட்டணும்?"னேன். டெல்பின் சிரிச்சா. "நம்ம ஊர்லயும் உண்டும்மா"ன்னா. நம்ம ஊர்ல எந்தக் கோயில் அப்படி இருக்கு, நீயே சொல்லு.

அடுத்து பெரிய கோயில். அங்க டிக்கெட்டு! ஆண்டவரைப் பார்க்கதுக்கு டிக்கெட்டு கேக்கான், தங்கச்சி. நான் ஒரு சத்தம் போட்டேன், டெல்பின் கையைப் பிடிச்சு இழுத்தா. வாசல் தூண்ல வட்டமா ஒரு கோலம் செதுக்கியிருக்கு. சுத்திச் சுத்திப் போற பாதை. அதுல விரலை வச்சு ஓட்டணுமாம், எப்படிச் சுத்தினாலும் கடைசியில நடுவுக்குத்தான் வரணுமாம், வேற வழியே கிடையாதாம். எத்தனையோ நூறு வருஷமா சனங்க விரல் பட்டுப் பட்டு நடுவுல தேய்ஞ்சே போச்சு. டெல்பின் முழுசும் ஓட்டினா. நான் பாதியில விரலை எடுத்துட்டேன். வெயில்ல யாரு நிப்பா?

மூணாவதா ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. முகப்புல தங்கமா மின்னுற படம். உள்ள ஓரத்துல ஒரு பீடம், பீடத்துல கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு உடம்பு. அழியாத உடம்பு, அர்ச்சிஷ்டவங்க, புனிதருங்க உடம்புதான் அப்படி இருக்கும்! செத்து எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். சின்னதா, கறுத்துப் போய், வத்தல் மாதிரி காய்ஞ்சு, ஆனா முகம், விரல் எல்லாம் இருக்கு. லேஸ் வச்ச உடுப்பு, தலையில பூ முடி. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "யாருடி இந்த அர்ச்சிஷ்டவ, ராணியா, கன்னியாஸ்திரியா?"ன்னேன்.

"வேலைக்காரிம்மா"ன்னா.

நான் திரும்பியும் கேட்டேன். "வேலைக்காரிதான். சீத்தான்னு பேரு. பன்னிரண்டு வயசுல ஒரு பணக்கார வீட்டுக்கு வேலைக்கு வந்து சாகுற வரைக்கும் அங்கயே வேலை பார்த்தவங்க. ஏழைகளுக்கு மடியில ரொட்டி கட்டிக்கிட்டுப் போறாங்க, எசமான் நிறுத்தி மடியை அவுத்துக் காட்டச் சொல்லுதான். அவுத்தா ரொட்டி இல்ல, பூவா கொட்டுச்சாம். வீட்டு வேலை செய்றவங்களுக்கு எல்லாம் இவங்கதான் பாதுகாவலி. சாவி தொலைஞ்சாலும் இவங்ககிட்டதான் வேண்டுவாங்க."

எசமான் கேட்டதுல என்ன தப்பு, வீட்டுச் சாமான் வெளிய போகுதுன்னா கேக்கத்தான செய்வான்னு சொல்லப் போனேன். அதுக்குள்ள டெல்பின் முட்டி போட்டுட்டா. அரை மணி நேரம் எந்திரிக்கல. அழுதா. ஒரு நாற்காலியில காலை நீட்டி உக்கார்ந்து, "என்ன மக்களே, அந்த வீட்டுல எதுவும் குறையா?"ன்னு கேட்டேன்.

அப்ப சொல்லுதா. போன வருஷம் அந்த வெள்ளைக்காரம்மாவோட கல்யாண மோதிரம் காணாம போச்சாம். மகன் வந்து வீடெல்லாம் தேடிட்டு, கடைசியில இவகிட்ட பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னானாம். என் பிள்ளையை! இவ திறந்து காட்டினாளாம். ஒவ்வொரு துணியா எடுத்து உதறினானாம். எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "யாரு வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சான்? அவன் கை அழுகிப் போவ! ஒரு ஆதாரம் இல்லாம, ஒரு சாட்சி இல்லாம, வேலைக்கு இருக்காங்கறதுக்காக ஒருத்தியைக் கள்ளின்னு சொல்லிருவானா? மனுசப் பிறவிதானா அவன்?"னு கத்திட்டேன். கோயில்னுகூடப் பார்க்கல.

டெல்பின் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "மோதிரம் நாலு நாள் கழிச்சு அந்த அம்மாவோட கையுறைக்குள்ள கிடைச்சுதும்மா. மகன் அன்னைக்கே மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்து என் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டாரு. கண்ணு கலங்கிட்டாரு. அப்புறந்தான் சாவிக்கொத்தை என் கையில கொடுத்தாங்க"ன்னா. கேட்டா ஆச்சா? கேட்டுட்டா பட்ட அவமானம் போயிருமான்னு நான் விடல.

சரி, வந்ததுக்கு ஒரு மெழுகுதிரி வைப்போம்னு எந்திரிச்சேன். அங்க மெழுகுதிரியும் கிடையாது, காசு போட்டா பல்பு எரியுது. காசு எடுக்க கறுப்புப் பைக்குள்ள கையை விட்டேன். நல்ல நாளுக்கு மட்டும் எடுக்குற பை அது. கடைசியா எடுத்தது பனிமய மாதா திருநாளுக்குத்தான், அதுக்கப்புறம் கவருக்குள்ள போட்டு வச்சு இத்தாலிக்குத்தான் எடுத்தேன். உள்துணி கிழிஞ்சிருக்கு. விரலு அதுக்குள்ள போயிட்டு. அடியில என்னமோ தட்டுது. இழுத்தா, சாவி! என் பீரோ சாவி!

"புதுமை! அற்புதம்!"ன்னு கத்திட்டேன். காவல்காரன் ஓடி வந்துட்டான். பின்ன கத்த மாட்டனா? தூத்துக்குடியில சூசையம்மா எடுத்த சாவியை, அந்த அர்ச்சிஷ்டவ கடல் தாண்டி, கண்டம் தாண்டிக் கொண்டுவந்து என் பைக்குள்ள போட்டிருக்கா! கோயில் நோட்டுல எழுதச் சொல்லி டெல்பினைக் கெஞ்சினேன். அவ எழுதல. சாவியை வாங்கிப் பார்த்தா, பையோட கிழிசலைப் பார்த்தா, என் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டா.

கோட்டைச் சுவர்மேல ஒரு பெஞ்சுல உக்காத்தி வச்சு அப்புறம்தான் பேசினா. "அம்மா, ஏழாவது கட்டளை என்ன?" களவு செய்யாதே. "எட்டாவது?" பொய்ச்சாட்சி சொல்லாதே. எனக்கே பாடம் நடத்துதா! "உங்க வகுப்புல பொய்க் குத்தம் சொன்ன பிள்ளை என்ன செய்யணும்? நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க, நானும் உங்க வகுப்புலதான படிச்சேன். சூசையம்மாகிட்ட போய் அதைச் செய்யுங்க. செஞ்சீங்கன்னு அவங்க போன்ல சொன்னா கிறிஸ்மஸுக்கு வாறேன். என் பெட்டியை உதறினப்ப என் கண்ணு முன்னால அந்த மனுஷன் தெரியலம்மா, நீங்கதான் தெரிஞ்சீங்க."

என்ன வார்த்தை பாத்தியா?

ஊருக்கு வந்து நாலு மாசமாச்சு. சூசையம்மாவுக்குப் பதிலா மூணு பேரை வேலைக்கு வச்சுப் பார்த்தேன், ஒருத்தியும் ஒரு மாசம் தாங்கல. இந்தக் காலத்து வேலைக்காரிக்கெல்லாம் ரோஷம் அதிகம். நானும் யோசிச்சேன். சூசையம்மாகிட்ட போயி, "போட்டும்டி, நான் உன்னை மன்னிச்சுட்டேன், வீட்டுக்கு வா"ன்னு சொல்லலாம். மன்னிப்பு கேக்கதும் மன்னிப்பு குடுக்கதும் ஒண்ணுதான? ரெண்டுலயும் மன்னிப்பு வருதுலா? டெல்பினும் சமாதானம் ஆயிருவா. லூக்காவுல வாங்கின அந்த அர்ச்சிஷ்டவ படமும் ஒரு டப்பா பிஸ்கட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். இப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன், முந்தாநாள் வரைக்கும்.

முந்தாநாள் போன் பண்ணினா. "அம்மா, உங்களுக்குத் தெரியுமா, சூசையம்மா செவ்வாய் தவறாம கொடிமரத்துல இருந்து பீடம் வரைக்கும் முட்டியாலயே போறாங்க. ஒன்றரை வருஷமா"ன்னா. அப்ப அவளுக்கு முட்டி மடங்குதா! அந்தோனியார் கேக்கவே இல்லையா என் வேண்டுதலைன்னு எனக்குக் கோவம். "எதுக்காம்? செஞ்ச பாவம் உறுத்துதோ?"ன்னேன்.

"உங்களுக்கு முட்டி மடங்கலன்னு நான்தாம்மா போன்ல சொன்னேன். டீச்சரம்மா கோயில்ல தனியா நிக்க வேண்டாம், அவங்க முட்டி மடங்கணும்னு வேண்டிக்கிட்டுப் போறாங்க"ன்னா.

நான் போனை வச்சுட்டேன்.

அதுல இருந்து உறக்கம் இல்ல, தங்கச்சி. இந்தா, சாவியைப் பாரு. பூட்டை மாத்தியாச்சு, இனி இது எதையும் திறக்காது. தூரப் போடவும் மனசு வரல. கையில எடுத்தா அந்தோனியார் முன்னால நான் சொன்ன வார்த்தைதான் ஞாபகத்துக்கு வருது. எவ கையில இருக்கோ அவளுக்குன்னுதான சொன்னேன்? பேரைச் சொல்லி வேண்டியிருக்கணும். பேரைச் சொல்லாம விட்டது என் தப்புதான். அந்தோனியார் என்ன செய்வாரு, சொன்னதைச் சொன்னபடி செஞ்சுட்டாரு.

பெரியதாழை தாண்டியாச்சு, அடுத்து உவரிதான். இறங்கும்போது மட்டும் கையைப் பிடிச்சுக்கோ, படி உயரம். கொடிமரம் வரைக்கும் கூட வருவியா? கூட்டமா இருக்கும், அவ முட்டியால வந்துக்கிட்டு இருப்பா, அவ உயரத்துக்கு நான் இறங்கணும். மடங்காதுதான். ஆனாலும் நான் குனிஞ்சேன்னு வையி, அவ விட மாட்டா. "டீச்சரம்மா, காலு, காலு"ன்னு பதறி ஓடி வந்து பிடிச்சுக்கிடுவா. அவ அப்படிப்பட்டவ. இருபத்தியொரு வருஷம் பார்த்தவ சொல்லுதேன், அவ ஒரு நாளும் என்னைக் கீழ விழ விட்டது கிடையாது.

பிடிப்பாளா, தங்கச்சி?